சிப்பாய்கள் படித்த பத்திரிகை

குட்டி நூல்களின் கதை – 6

சென்ற இதழில் கிளாஸ்கோ பதிப்பாளர் டேவிட் பிரைஸோடு நிறுத்தியிருந்தோம். கட்டைவிரல் அகலத்துக்குள் அடங்கும் குர்ஆனை அச்சிட்டு, உலோகச் சிமிழுக்குள் வைத்து, சிமிழின் மூடியிலேயே உருப்பெருக்கிக் கண்ணாடியையும் பதித்து விற்றவர் அவர். அரபுத் தலைவர் அவுதா அபு தாயி 120 பவுண்டு கொடுத்து வாங்கித் தாயத்தாக அணிந்திருந்த குர்ஆன், பதினெட்டுப் பென்ஸ் விலையுள்ள கிளாஸ்கோ பதிப்புதான் என்று டி. ஈ. லாரன்ஸ் எழுதியதையும் பார்த்தோம். பிரைஸின் குட்டி நூல்கள் ஏராளமாக அச்சானவை. பழைய புத்தக வியாபாரிகளிடம் இன்றும் அகப்படும்.

இந்த முறை பேசப்போவது அதற்கு நேர்மாறான சரக்கு. ஒவ்வொன்றும் ஒரே ஒரு பிரதி. அச்சு எந்திரம் தொட்டதில்லை. செய்தவர்கள், தாயை இழந்த ஒரு பாதிரியார் வீட்டுப் பிள்ளைகள். யாருக்காகச் செய்தார்கள் என்றால், பன்னிரண்டு மரச் சிப்பாய்களுக்காக.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், புதர்க்காடு மண்டிய மேட்டு நிலத்தின் விளிம்பில் இருக்கிறது ஹாவொர்த். அயர்லாந்திலிருந்து வந்த பேட்ரிக் பிராண்டே 1820இல் அந்த ஊரின் மதகுருவாகக் குடியேறினார். மறுவருடமே மனைவி மரியா இறந்துபோனார். ஆறு குழந்தைகள். மூத்த பெண்கள் இருவரும் 1825இல் காசநோய்க்குப் பலியானார்கள். எஞ்சியவர்கள் நால்வர்: சார்லட், பிரான்வெல், எமிலி, ஆன். பிற்காலத்தில் ‘ஜேன் அயர்’, ‘வுதரிங் ஹைட்ஸ்’ என்ற நாவல்களின் வழியாக உலகம் அறிந்த பெயர்கள். பிரான்வெலை உலகம் அவ்வளவாக அறியவில்லை. ஆனால் இந்தக் கதையைத் தொடங்கிவைப்பவன் அவன்தான்.

1826 ஜூன் மாதம் லீட்ஸ் நகரத்துக்குப் போய்த் திரும்பிய தந்தை, மகனுக்காக ஒரு பெட்டி நிறைய மரச் சிப்பாய்கள் வாங்கிவந்தார். மறுநாள் காலை பிரான்வெல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா தங்கைகளிடம் ஓடினான். ஆளுக்கொரு சிப்பாயைப் பிடித்துக்கொண்டார்கள். பத்து வயதுச் சார்லட் தன் சிப்பாய்க்கு வெலிங்டன் பிரபு என்று பெயர் வைத்தாள். பிரான்வெல் சும்மா இருப்பானா? அவனுடையவன் நெப்போலியன் ஆனான். வாட்டர்லூ போர் முடிந்து பதினோரு வருடங்கள்தான் ஆகியிருந்தன. தந்தையார் வாங்கும் செய்தித்தாள்களைக் குழந்தைகளும் விடாமல் படிக்கிற வீடு அது.

சிப்பாய்களுக்கு ஒரு நாடு வேண்டியிருந்தது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு கண்ணாடி நகரத்தைக் கட்டினார்கள். ஆயிரத்தோரு இரவுகள் கதையைப் படித்திருந்ததால் தாங்கள் நால்வரும் அந்த நகரத்தைக் காக்கும் பூதங்கள் என்று வைத்துக்கொண்டார்கள். செத்த சிப்பாயை உயிர்ப்பிக்கும் அதிகாரம் பூதங்களுக்கு உண்டு. நகரம் என்று ஒன்று இருந்தால் அங்கே அரசியல் இருக்கும், சண்டை இருக்கும், கவிஞர்கள் இருப்பார்கள். கவிஞர்கள் இருந்தால் பத்திரிகை இல்லாமல் எப்படி?

அந்தக் காலத்தில் எடின்பரோவிலிருந்து ‘பிளாக்வுட்ஸ் மேகசின்’ என்ற மாத இதழ் வந்துகொண்டிருந்தது. கதை, கவிதை, அரசியல் வசை, புத்தக மதிப்புரை எல்லாம் கலந்த காரசாரமான இதழ். பிராண்டே வீட்டுக்கு அது இரவலாக வரும். 1829 ஜனவரியில் பிரான்வெல் அதைப் பார்த்துத் தன் பெயரிலேயே ஒரு குட்டி ‘பிளாக்வுட்ஸ்’ தொடங்கினான். அவனுக்கு அப்போது பதினொரு வயது. அதே வருடம் ஆகஸ்டில் ஆசிரியர் நாற்காலி சார்லட்டின் கைக்கு வந்தது. 1830இல் ‘யங் மென்ஸ் மேகசின்’ என்ற பெயரில் அவள் புதிய வரிசை ஒன்றைத் தொடங்கினாள். ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை ஆறு இதழ்கள். டிசம்பரில் மட்டும் இரண்டு. இந்த ஆறு இதழ்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஏல அரங்கில் சந்திக்கப்போகிறோம்.

நம் ஊரிலும் கையெழுத்துப் பத்திரிகை நடத்தாத எழுத்தாளர் தலைமுறை கிடையாது. முழுத்தாளில் எழுதி, படம் வரைந்து, வாசகசாலையில் ஒரே பிரதியைச் சுற்றுக்கு விட்டவர்கள் அவர்கள். சார்லட்டின் இதழும் ஒரே பிரதிதான். ஆனால் அது தீப்பெட்டி அளவு. 35 மில்லிமீட்டருக்கு 61 மில்லிமீட்டர். அதற்குள் நாலாயிரம் சொற்களுக்கு மேல் எழுதியிருக்கிறாள்.

எப்படிச் செய்தார்கள் என்பதை நூல்களே காட்டிக்கொடுக்கின்றன. சர்க்கரை கட்டிவரும் தடித்த தாள், சுவரொட்டுத் தாளின் மிச்சம், விளம்பரத் துண்டு என்று கையில் கிடைத்ததை அட்டையாக்கினார்கள். உள்தாள்களைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டி, மடித்து, முதுகில் ஊசிநூலால் தைத்தார்கள். பிறகு இறகுப் பேனாவால் எழுதினார்கள். கூட்டெழுத்தில் எழுதவில்லை. அச்செழுத்து எப்படி இருக்குமோ அப்படி, ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக நிறுத்தி, கடுகு பொடித்தாற்போல எழுதினார்கள். முகப்புப் பக்கம், பொருளடக்கம், தேதி, வெளியிட்டவர் பெயர் எல்லாம் உண்டு. விற்பனை உரிமை சார்ஜென்ட் ட்ரீ என்ற கண்ணாடி நகரத்துப் புத்தகக் கடைக்காரருக்கு. கடைசிப் பக்கத்தில் விளம்பரங்கள்கூட இருக்கும். விளம்பரம் இல்லாவிட்டால் பத்திரிகை நிஜமாகாது என்பது பதினான்கு வயதுப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

இவ்வளவு சிறிதாக ஏன் எழுதினார்கள்? மூன்று காரணங்கள் சொல்வதுண்டு. சிப்பாயின் கைக்கு ஏற்ற அளவு என்பது ஒன்று. காகிதம் விலை அதிகம் என்பது மற்றொன்று. இங்கிலாந்தில் காகிதத்தின் மீது இருந்த வரி 1861இல்தான் நீங்கியது. மதகுருவின் சம்பளத்தில் நான்கு பிள்ளைகளின் எழுத்துப் பசிக்குத் தாள் வாங்கி மாளாது. மூன்றாவது காரணம், பெரியவர்கள் படித்துவிடக் கூடாது என்பது. தந்தைக்குப் பார்வை மங்கல். பின்னாளில், 1846இல், மான்செஸ்டரில் கண்புரைச் சிகிச்சை செய்துகொண்டவர் அவர். எனக்கென்னவோ இந்த மூன்றாவதில்தான் உண்மை அதிகம் என்று படுகிறது. அதற்கு ஒரு சாட்சியும் உண்டு. 1833இல் பேட்ரிக் ஒரு பெரிய நோட்டுப் புத்தகத்தைப் பரிசளித்து, இதில் எழுதுவதெல்லாம் தெளிவாக, படிக்கும்படியான கையெழுத்தில் இருக்க வேண்டும் என்று முகப்பில் எழுதியே கொடுத்தார். பொறுத்துப் பார்த்து அலுத்துப்போன அப்பா.

உள்ளே என்ன இருந்தது? 1830 செப்டம்பர் இதழை எடுத்துக்கொள்வோம். கொலைகாரன் ஒருவன் மனம் பேதலித்துப்போகிறான். அவனால் மாண்டவர்கள் அவனைத் துரத்துகிறார்கள். அவன் தலைக்குள் மூண்ட பெருந்தீ படுக்கையின் திரைச்சீலையைப் பற்றிக்கொள்கிறது. பதினேழு வருடங்களுக்குப் பிறகு ‘ஜேன் அயர்’ நாவலில் பித்துப்பிடித்த பெர்த்தா, கணவனின் படுக்கைத் திரைக்குத் தீ வைக்கும் காட்சியைப் படித்தவர்கள் இங்கே நிமிர்ந்து உட்காருவார்கள். இந்தக் குட்டி நூல்களைப் பொம்மை விளையாட்டு என்று ஒதுக்க முடியாமல் போனதற்கு இதுபோன்ற பக்கங்கள்தான் காரணம்.

வேடிக்கையும் நிறைய உண்டு. பிரான்வெல் தன்னை மாபெரும் கவிஞன் என்று நினைத்துக்கொண்டு திரிய, சார்லட் ஒரு கவிராயனைப் பற்றிய அங்கத நாடகத்தை எழுதித் தம்பியைக் கிண்டல் செய்தாள். ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரையொருவர் பத்திரிகையில் வறுத்தெடுத்திருக்கிறார்கள். எமிலியும் ஆனும் பிற்பாடு பிரிந்துபோய்த் தங்களுக்கென்று கோண்டால் என்ற தனி நாட்டைப் படைத்தார்கள். அந்த உரைநடைக் கதைகள் ஏதும் மிஞ்சவில்லை. மிஞ்சிய குட்டி நூல்கள் சார்லட்டும் பிரான்வெலும் எழுதியவை.

பிறகு நடந்தவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். எல்லாம் சாவு. பிரான்வெல் 1848 செப்டம்பரில். எமிலி அதே வருடம் டிசம்பரில். ஆன் 1849 மே மாதம். சார்லட் 1854இல் தந்தையின் உதவி மதகுருவான ஆர்தர் பெல் நிக்கல்ஸை மணந்துகொண்டு, ஒரு வருடம்கூட நிறையாமல் 1855 மார்ச் 31 அன்று இறந்தாள். பிள்ளைகள் எல்லாரையும் புதைத்துவிட்டுத் தந்தை 1861 வரை இருந்தார்.

குட்டி நூல்களை முதலில் பார்த்த வெளியாள் எலிசபெத் காஸ்கெல். சார்லட்டின் வாழ்க்கை வரலாற்றை எழுத வந்தவர். 1856இல் ஒரு பொட்டலம் அவர் கைக்குக் கிடைத்தது. உருப்பெருக்கி இல்லாமல் படிக்க முடியாத அந்த எழுத்தைப் பார்த்து அசந்துபோய், 1857இல் வெளியான தம் நூலில் ஒரு பக்கத்தின் நகலையும் சேர்த்தார். அவற்றை முழுதாகப் படிக்க அவருக்கு நேரம் இல்லை. பொட்டலம் திரும்ப நிக்கல்ஸிடமே போய்ச் சேர்ந்தது. மாமனார் இறந்ததும் நிக்கல்ஸ் அயர்லாந்தில் பானகர் என்ற சிற்றூருக்குத் திரும்பினார். மதகுரு வேலையை விட்டு விவசாயம் பார்த்தார். மறுமணமும் செய்துகொண்டார். முதல் மனைவியின் காகிதங்களை முப்பது வருடங்களுக்கும் மேலாக யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தார். விற்கவும் இல்லை, எரிக்கவும் இல்லை. சார்லட்டின் வரலாற்றாசிரியர்கள் பலருக்கு நிக்கல்ஸைப் பிடிக்காது. அவரைப் பற்றிய என் மதிப்பு இந்த ஒரு காரியத்தால் உயர்ந்தது.

1895 மார்ச் 31. சார்லட் இறந்து சரியாக நாற்பது வருடம். லண்டன் பத்திரிகையாசிரியர் கிளெமென்ட் ஷார்ட்டர் பானகர் வந்து கதவைத் தட்டினார். மரியாதையாகப் பேசினார். முதியவர் மனம் இளகிக் கையெழுத்துகளை ஒப்படைத்தார். ஷார்ட்டர் அவற்றை வைத்து மறுவருடம் ஒரு நூல் எழுதினார். ஆனால் அவர் பின்னால் பணப்பையோடு நின்றவர் வேறொருவர்: தாமஸ் ஜேம்ஸ் வைஸ்.

இந்த வைஸிடம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பகலில் லண்டனில் நறுமண எண்ணெய் வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தின் எழுத்தர். மற்ற நேரமெல்லாம் அபூர்வ நூல் வேட்டை. தம் சேகரிப்புக்கு ஆஷ்லி நூலகம் என்று பெயர் வைத்திருந்தார். ஆங்கிலக் கவிஞர்களின் முதற்பதிப்புகளைப் பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் உலகம் அவரைத்தான் கேட்டது. லண்டன் நூலியல் கழகத்துக்குத் தலைவராக இருந்தார். ஆக்ஸ்ஃபோர்டு அவருக்குக் கௌரவப் பட்டம் தந்தது. சார்லட்டின் உயிர்த்தோழி எலன் நஸ்ஸியிடம் சார்லட்டின் கடிதங்களை வாங்கும்போது, அவை பிற்பாடு தென் கென்சிங்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேரும் என்ற நம்பிக்கையைக் கொடுத்துத்தான் வாங்கினார்கள். போய்ச் சேரவில்லை. வைஸ் அவற்றைப் பிரித்து விற்றார்.

குட்டி நூல்களுக்கும் அதே கதி. தமக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றவற்றை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருந்த பணக்காரச் சேகரிப்பாளர்களுக்கு ஒவ்வொன்றாகக் கைமாற்றினார். சர்க்கரைத் தாள் அட்டைக்காரர்களுக்கு விலையுயர்ந்த ஆட்டுத்தோல் உறை கிடைத்தது. தையல் பிரிந்த கையெழுத்துகளின் தாள்கள் வெவ்வேறு ஆட்களிடம் போய்ச் சேர்ந்தன. இதோடு விடவில்லை. கையெழுத்தை விற்பதற்கு முன் அதிலிருக்கும் கதையைத் தனிச்சுற்றுக்கென்று முப்பது பிரதி போல அச்சிட்டு, அந்தச் சிறு பிரசுரத்தையும் அபூர்வப் பதிப்பாகச் சந்தையில் விட்டார். வரையறுத்த பிரதிகள் என்ற வியாபாரத் தந்திரத்தை அவர் அளவுக்குப் புரிந்துகொண்டவர்கள் குறைவு.

அதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. பிரான்வெலின் பெயருக்கு விலை கிடையாது. சார்லட்டின் பெயருக்கு உண்டு. ஆகவே தம்பி எழுதிய தாள்கள் பல அக்காவின் பெயரில் விற்பனையாயின. குழந்தைகள் அச்செழுத்தைப் போல எழுதியதே இங்கே வினையாகிவிட்டது. கூட்டெழுத்தில் எழுதியிருந்தால் அவரவர் கையின் சாயல் தெரிந்திருக்கும். அச்சுப் போலத் தனித்தனியாக நிறுத்திய நுண்ணெழுத்தில் யாருடைய கை என்று கண்டுபிடிப்பது இன்றைய ஆய்வாளருக்கே சிரமம். குடியாலும் நோயாலும் முப்பத்தோரு வயதில் அழிந்துபோன அந்தத் தம்பிக்கு உலகத்தில் மிஞ்சியது அவன் எழுத்துதான். அதிலும் அவன் பெயரை எடுத்துவிட்டார்கள்.

வைஸ் அகப்பட்டது வேறொரு வழக்கில். 1934இல் ஜான் கார்ட்டர், கிரஹாம் போலர்டு என்ற இரண்டு இளம் புத்தக வியாபாரிகள் ஓர் ஆய்வு நூலை வெளியிட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற குறுநூல்கள் பலவற்றின் தாளையும் எழுத்துருவையும் சோதித்திருந்தார்கள். எலிசபெத் பாரெட் பிரௌனிங்கின் காதல் கவிதைகள் 1847இல் அச்சானதாகச் சொல்லும் பிரசுரத்தின் தாளில், அந்த வருடத்தில் காகித ஆலைகள் அறிந்தேயிராத மரக்கூழ் இருந்தது. இப்படி ஏறத்தாழ ஐம்பது பிரசுரங்கள் சந்தேகப் பட்டியலில் வந்தன. எல்லாவற்றின் சுவடும் ஒரே வாசலில் போய் முடிந்தது. அவதூறு வழக்குக்குப் பயந்து ஆசிரியர்கள் நேரடியாகக் குற்றவாளி என்று எழுதவில்லை. வாசித்தவர்களுக்குப் புரிந்தது. வைஸ் கடைசிவரை ஒப்புக்கொள்ளாமல் 1937இல் செத்தார். அவருடைய நூலகத்தைப் பிரிட்டிஷ் மியூசியம் 66,000 பவுண்டுக்கு வாங்கியது. பல வருடம் கழித்துப் பார்த்தால், அதிலிருந்த பழைய நாடக நூல்களின் சில தாள்கள், மியூசியத்தின் சொந்தப் பிரதிகளிலிருந்தே கிழித்து ஒட்டப்பட்டவை. திருடு கொடுத்தவர்களே திருட்டுப் பொருளைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்.

பிரிந்துபோனதைக் கோத்தெடுத்த பெருமை இரண்டு பெண்களுக்கு உரியது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் அபூர்வ நூல் பிரிவைக் கவனித்துவந்த ஃபேனி ராட்ச்ஃபோர்ட், குட்டி நூல்களின் நகல்களைத் தேடிப் பிடித்து, கண்ணாடி நகரத்தின் கதை முழுவதையும் முதல்முறையாக ஒரு வரலாறாக அடுக்கினார். 1941இல் அவர் நூல் வந்தது. அதே ராட்ச்ஃபோர்ட் 1944இல் இன்னொரு நூலைப் பதிப்பித்தார். சிகாகோவின் ஜான் ஹென்றி ரென் என்ற சேகரிப்பாளருக்கு வைஸ் எழுதிய கடிதங்கள். ரென்னின் நூலகம் டெக்சஸுக்கு வந்திருந்தது, வைஸ் அவர் தலையில் கட்டிய போலிகளோடு சேர்த்து. எவன் குட்டி நூல்களைச் சிதறடித்தானோ அவனுடைய வண்டவாளத்தை, அவற்றைக் கோத்தெடுத்தவரே தண்டவாளத்தில் ஏற்றினார். நாவலாசிரியன் இப்படி எழுதினால் நம்ப மாட்டோம்.

இரண்டாமவர் ஆஸ்திரேலியாவில் பேராசிரியராக இருந்த கிறிஸ்டின் அலெக்சாண்டர். எந்தத் தாள் எந்த நாட்டில், எந்த நூலகத்தில், யாருடைய பெட்டியில் இருக்கிறது என்று தேடியலைந்து, 1982இல் சார்லட்டின் கையெழுத்துப் பிரதிகளின் முழு அட்டவணையை வெளியிட்டார். பக்கங்கள் இரண்டு கண்டங்களில் கிடந்தாலும் கதை ஒன்றாகச் சேர்ந்தது.

சேகரிப்பாளர்கள் எல்லாரையும் வைஸோடு சேர்த்துவிடக் கூடாது. பிலடெல்பியாவின் ஹென்றி ஹூஸ்டன் பானெல் தம் பிராண்டே சேகரிப்பின் பெரும்பகுதியை ஹாவொர்த்துக்கே எழுதிவைத்தார். பிராண்டே கழகம் 1893இல் தொடங்கியது. முதலில் ஊரின் வங்கிக் கட்டடத்து மாடியில் ஒரு சிறிய அருங்காட்சியகம் வைத்திருந்தார்கள். பிராண்டேக்கள் வாழ்ந்த வீட்டை 3,000 பவுண்டுக்கு வாங்கி ஊர்க்காரரான சர் ஜேம்ஸ் ராபர்ட்ஸ் கழகத்துக்குக் கொடுக்க, 1928 ஆகஸ்டில் அது அருங்காட்சியகமானது. பானெலின் சேகரிப்பு வந்துசேர ஒரு வீடு கிடைத்தது. கவிஞர் ஏமி லோவெல் வைத்திருந்த ஒன்பது குட்டி நூல்கள், 1925இல் அவர் இறந்த பிறகு ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போயின.

வேறு சிலர் பூட்டிவைத்தார்கள். ஹாவொர்த்துக்கு அருகிலேயே ராச்டேல் பக்கத்தில் ஹான்ரெஸ்ஃபீல்ட் என்ற மாளிகை. அதில் வில்லியம் லா, ஆல்ஃபிரட் லா என்ற ஆலை முதலாளிச் சகோதரர்கள். இவர்கள் சேர்த்தவற்றில் பிராண்டே கையெழுத்துகள் கணிசம். 1939இல் குடும்பத்தின் வாரிசும் இறந்தார். பிறகு அந்த நூலகத்தை ஆய்வாளர்கள் யாரும் கண்ணால் காணவில்லை. காணாமலே போயிற்று என்று முடிவுகட்டியிருந்த வேளையில், 2021இல் ஏல நிறுவனமான சாதபீஸ் அதை விற்பனைக்கு அறிவித்தது. சார்லட்டின் குட்டி நூல்கள் 7 அதில் இருந்தன. மறுபடியும் துண்டுதுண்டாகப் போய்விடும் என்ற பயத்தில், தேசிய நூலகங்களின் நண்பர்கள் என்ற அமைப்பு ஏலத்தைத் தள்ளிப்போடச் சொல்லி, டிசம்பருக்குள் 1.5 கோடி பவுண்டு திரட்டி மொத்தமாக வாங்கியது. பாதித் தொகையைத் தொழிலதிபர் லெனர்ட் பிளாவட்னிக் கொடுத்தார்.

இனி அந்த 1830 செப்டம்பர் இதழ். ஆறில் நான்கு ஏற்கெனவே ஹாவொர்த்தில் இருந்தன. இந்த இரண்டாவது இதழ் 2011 டிசம்பரில் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. இரண்டு, மூன்று லட்சம் பவுண்டு போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். பிராண்டே கழகமும் பணம் திரட்டிக்கொண்டு போய்க் கை தூக்கியது. 6,90,850 பவுண்டுக்குப் பாரிஸின் கையெழுத்து அருங்காட்சியகம் ஒன்று அள்ளிக்கொண்டு போயிற்று. அந்த அருங்காட்சியகத்தின் பின்னால் இருந்தது அரிஸ்டோஃபில் என்ற நிறுவனம். அபூர்வக் கையெழுத்துகளை வாங்கி, அவற்றின் உரிமையைப் பங்குபோட்டுப் பொதுமக்களிடம் முதலீடாக விற்பது அதன் தொழில். பாஸ்டில் சிறையில் சாட் பிரபு எழுதிய சுருளும் அவர்களிடம் இருந்தது. 2015இல் பிரெஞ்சு அரசு மோசடி வழக்குத் தொடுத்தது. நிறுவனர் ஜெரார் லெரித்தியே குற்றச்சாட்டை மறுத்தார். நிறுவனம் மூழ்கியது. ஏறத்தாழ 18,000 முதலீட்டாளர்களின் பணம் அதில் கிடந்தது. ஆபத்தில்லாத முதலீடு என்று கடிதங்களிலும் கையெழுத்துகளிலும் சேமிப்பைப் போட்டவர்கள் பலர் ஓய்வூதியக்காரர்கள். நம் ஊர்ச் சீட்டு நிறுவனக் கதைகளை அறிந்தவர்களுக்கு இதில் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

கடனை அடைக்கச் சொத்துகள் ஏலத்துக்கு வந்தன. 2019 நவம்பர் 18, பாரிஸ். பிராண்டே கழகம் இந்த முறை அரசு நிதியத்தின் உதவியையும் பொதுமக்கள் நன்கொடையையும் சேர்த்துக்கொண்டு போயிருந்தது. கழகத்தின் கௌரவத் தலைவரான நடிகை ஜூடி டென்ச் ஊர் ஊராகக் கேட்காத குறையாக வேண்டுகோள் விடுத்திருந்தார். ஆயிரம் பேருக்கு மேல் பணம் அனுப்பினார்கள். 6 லட்சம் யூரோவுக்குச் சுத்தியல் விழுந்தது. கட்டணங்களும் சேர்ந்து 7,80,000. தீப்பெட்டி அளவுப் பத்திரிகை, எழுதிய வீட்டுக்கே திரும்பிப் போயிற்று.

2022இல் இன்னொன்று கிளம்பியது. 1829 டிசம்பரில், பதின்மூன்று வயதில், சார்லட் பத்துக் கவிதைகளைப் பதினைந்து பக்கங்களில் எழுதித் தைத்த சிறு நூல். யாராலும் விற்கப்படாதது, தன்னாலேயே அச்சிடப்பட்டது என்று முகப்பில் குறும்பாகக் குறித்திருக்கிறாள். தலைப்பில் ஓர் எழுத்துப்பிழையும் உண்டு. 1916 நவம்பரில் நியூயார்க்கில் 520 டாலருக்கு விற்றபோது கடைசியாகக் கண்ணில் பட்டது. பிறகு அமெரிக்காவில் ஒரு தனியார் சேகரிப்பில், பழைய பள்ளிப் பாடநூல் ஒன்றின் உள்ளே செருகிய உறைக்குள் கிடந்தது. சார்லட்டின் பிறந்தநாளான ஏப்ரல் 21 அன்று நியூயார்க் பழம்புத்தகக் கண்காட்சியில் வைத்தார்கள். 12.5 லட்சம் டாலர். மேலே சொன்ன அதே நண்பர்கள் அமைப்பு வாங்கி ஹாவொர்த்துக்குக் கொடுத்தது.

இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்காவின் குட்டி நூல் கழகத்து விதிப்படி, எந்தப் பக்கத்திலும் மூன்று அங்குலத்தைத் தாண்டக் கூடாது. இந்தக் கவிதை நூலின் உயரம் 3.8 அங்குலம். விதியை உடும்புப்பிடியாகப் பிடிப்பவர்கள் பிராண்டே நூல்களில் விலை உயர்ந்த ஒன்றைத் தங்கள் அலமாரியில் சேர்க்க முடியாது. விதியை எழுதியபோது இதை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

இந்தக் கதையில் சேகரிப்பாளனை எங்கே வைப்பது? வைஸ் வாங்காமல் இருந்திருந்தால் பானகர் பண்ணை வீட்டில் அவை எலிக்கும் ஈரத்துக்கும் இரையாகியிருக்கலாம் என்று அவருக்காக வாதாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காசு கொடுத்து வாங்கியது குற்றமே அல்ல. ஒன்றாகக் கிடந்ததை உடைத்ததும், பிரான்வெலின் தாள்களை வேறு பெயரில் விற்றதும் குற்றம். முதல் குற்றத்தைச் சரிசெய்யத்தான் அரிஸ்டோஃபில் ஏலத்திலும் ஹான்ரெஸ்ஃபீல்ட் விற்பனையிலும் நியூயார்க்கிலும் லட்சங்களும் கோடியும் கொட்ட வேண்டியிருந்தது. இரண்டாவதைச் சரிசெய்யும் வேலையை ஆய்வாளர்கள் இன்னும் எழுத்தெழுத்தாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பாரிஸ் ஏலத்துக்குப் பிறகு ‘யங் மென்ஸ் மேகசின்’ ஆறு இதழ்களில் ஐந்து ஹாவொர்த்தில் சேர்ந்துவிட்டன. ஆறாவது, 1930ஐ ஒட்டிக் காணாமல் போனது, அப்போதும் அகப்படவில்லை. ஹார்வர்டின் ஒன்பது நூல்களையும் பழுதுபார்த்து, பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். கட்டணம் இல்லை. பார்க்கும்போது படத்தின் ஓரத்திலுள்ள அளவைக் கவனிக்க மறக்காதீர்கள். திரையில் பெரிதாகத் தெரிவதால் ஏமாந்துவிடுவோம்.

அடுத்த இதழில் வின்ட்சர் கோட்டைக்குப் போவோம். இங்கிலாந்து ராணியின் பொம்மை வீட்டு நூலகத்துக்காக ஷெர்லாக் ஹோம்ஸின் ஆசிரியர் ஒரு குட்டிக் கதையைத் தம் கையால் எழுதிக் கொடுத்தார். பெர்னார்ட் ஷா முடியாது என்று சொல்லிவிட்டார்.